எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்

வலம்புரி நிலையம், நிலவின் தென்முனை. 2091 ஜூன் 4, காலை 08:20

எங்கள் மருத்துவரை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதை யார் எப்படிப் பூசி மெழுகினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

எழுதுபவர் அருமைக்கனி. ஊர் தூத்துக்குடி. காற்றுச் சுத்திகரிப்புப் பிரிவில் ஃபிட்டர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. மீதியை இயந்திரங்களோடு வந்த கையேடுகளில் படித்தேன்.

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. பனிக்கட்டி உருக்கும் தொட்டியில் சிறு கசிவு, அடைத்துவிட்டேன். ஆட்கள்: நான், என் தம்பி ஞானதுரை.

பூமியில் மூச்சுக் காய்ச்சல் பரவியதும் கப்பல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். கடைசிக் கப்பலில் இளையவர்களுக்கு இடம் கிடைத்தது. மருத்துவரும் அதில் போனார். நிலையம் உறைந்து போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு கிழங்கள் போதும் என்று எங்களை விட்டுவிட்டார்கள். எங்கள் உடம்பைத் தென்கடல் மருத்துவக் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஊரடங்கில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வார்டுக்குள் போக அனுமதி இல்லை. படித்து முடிக்க நோயாளி வேண்டும், காய்ச்சல் இல்லாத நோயாளி. பிரபஞ்சத்திலேயே காய்ச்சல் வர வழியில்லாத இரண்டு பேர் நாங்கள்தான்.

ஜூன் 4, காலை 11:00

இன்றைய வகுப்பு முடிந்தது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சிகிச்சை அறையில் ஒரு கட்டில். அதன் மேல் கூரையிலிருந்து தொங்கும் இரண்டு ரப்பர் கைகள். இதைத் தொலைகை என்கிறார்கள். மாணவர் தன் வீட்டில் கையுறை மாட்டிக்கொண்டு கையை அசைத்தால், இங்கே ரப்பர் கை அசையும். சுவரில் திரை. திரையில் ஒன்பது மாணவர் முகங்கள், பேராசிரியர் அமலதாஸ் முகம். தினமும் காலை ஒன்பதுக்கு ஞானதுரை கட்டிலில் படுப்பான். எனக்குப் படுக்க விருப்பமில்லை. நான் மதிப்பெண் போடுவேன். நோயாளி மதிப்பெண் என்று அதற்குப் பெயர், ஐந்துக்கு.

பூமிக்கும் நிலவுக்கும் ரேடியோ அலை போய்த் திரும்ப இரண்டரை வினாடிக்கு மேல் ஆகிறது. கேள்வி கேட்டால் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் வரும். எரிச்சலாக இருக்கிறது.

வகுப்புப் பதிவிலிருந்து, ஆவுடைச்செல்வி என்ற மாணவியும் ஞானதுரையும்:

"தாத்தா, இங்க அமுக்கினா வலிக்குதா?"

"ஏ தாயி, அது என் பெல்ட்டு. வயிறு இன்னும் கொஞ்சம் மேல கெடக்கு."

"ஐயோ சாரி தாத்தா. கை வந்து சேரதுக்குள்ள நீங்க அசைஞ்சிருதீங்க."

"நான் அசையல. நெலா அசையுது."

பேராசிரியர் இருமிக்கொண்டே சிரித்தார். வகுப்பு முடிந்ததும் சிலர் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

"டேய் ஜோயல், மேல வெள்ளக் கோட்டு, கீழ லுங்கியாடா?"

"கேமரா கீழ வராதுல்ல. வீட்ல இருந்தே டாக்டர் ஆயிரலாம் மச்சி. விடிய எந்திரிச்சு வார்டுக்கு ஓட வேணாம், சீஃப் கிட்டத் திட்டு வாங்க வேணாம். எனக்கு இதுதான் சொர்க்கம்."

"நாளைக்கு ஒங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சா? ஸ்கிரீனத் தடவுவியா?"

"அதுக்கு வேற டாக்டர் இருப்பான்ல."

"அந்த வேற டாக்டரும் நம்ம பேட்ச்சுதாம்ல." இதைச் சொன்னது ஆவுடைச்செல்வி. பின்னால் கோழி கத்தியது.

எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டேன்.

ஜூன் 11, காலை 10:40

பொறுக்க முடியவில்லை. ஆவுடைச்செல்வி வயிற்றைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தது. ரப்பர் கை ஞானதுரையின் வயிற்றை அழுத்திய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. நான் மின்சாரத்தை நிறுத்தி அதைத் தூக்க வேண்டியதாயிற்று. இணைப்பு திரும்பி வந்ததும் முதலில் கேட்டது ஒரு பெண்ணின் குரல்:

"ஏட்டி செல்வி, கஞ்சி ஆறிப்போவுது. இன்னும் மாடியில என்னட்டி செய்த?"

"எம்மா, கிளாஸ் நடக்கும்மா! நெலாவுல ஒரு தாத்தா வயித்துல கை வச்சிருக்கேன்!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞானதுரையும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பூஜ்யம். கல்லூரிக்குப் புகாரும் எழுதினேன்: பதில் தாமதமாக வருகிறது, கோழிச் சத்தம், மரியாதை இல்லை, ஆவுடைச்செல்விக்குக் கை நடுங்குகிறது, எதைக் கேட்டாலும் "தெரியலையே" என்கிறாள். இப்படிப்பட்டவளை நோயாளி மேல் ஏவக்கூடாது. ஞானதுரை, பாவம் அந்தப் பிள்ளை என்றான். பாவம் பார்த்தால் வைத்தியம் நடக்காது என்றேன்.

ஜூன் 14, மாலை 04:15

ஆவுடைச்செல்வியிடமிருந்து ஒரு செய்தி. அப்படியே சேர்க்கிறேன்.

"ஆச்சி, கோவப்படாதீங்க. எங்க ஊர்ல மொட்டை மாடியிலதான் சிக்னல் கெடைக்கும், அங்கதான் கோழியும் நிக்கும். எனக்கு இந்த கிளாஸ் புடிக்கல. புடிக்காததுக்குக் காரணம் நீங்க இல்ல. நாலு வருசமா படிக்கேன், இன்னும் ஒரு மனுசர் சூடு என் கைக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்ல எனக்கு வரல. எங்கம்மா நம்பர் இது, ஏதாவதுன்னா கூப்பிடுங்க. தாத்தாட்ட சாரி சொல்லுங்க."

பதில் போடவில்லை. எண்ணைக் கட்டுப்பாட்டுப் பலகை ஓரத்தில் ஞானதுரை எழுதி வைத்தான்.

ஜூன் 20, காலை 09:30

முந்தாநாள் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. என் புகாரை ஏற்றுக்கொண்டார்கள். குறைந்த நோயாளி மதிப்பெண் காரணமாக ஆவுடைச்செல்வி இப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டாள். தாமதமில்லா வகுப்பு என்ற புதிய ஏற்பாட்டின் கோப்புகளை அனுப்பியிருக்கிறார்கள். மிகப் பெரிய கோப்புகள், இறங்கவே இரண்டு நாள் ஆனது. அவர்கள் சொன்னபடி நிலையக் கணினியில் நானே ஏற்றினேன். கிழவி கத்தினால் காரியம் நடக்கும் என்று ஞானதுரைக்குச் சொன்னேன்.

ஜூன் 22, காலை 10:30

வகுப்பு என்றால் இது வகுப்பு. எட்டுப் பேர். எல்லாரும் சுத்தமான வெள்ளைக் கோட்டு. கோழி இல்லை, கஞ்சி இல்லை. கேட்ட உடனே பதில். தொலைகை நடுங்கவே இல்லை. கீர்த்திவாசன் என்ற பையன் சொன்னது: "வணக்கம் ஐயா. உங்கள் வயிற்றைப் பரிசோதிக்க அனுமதி தருவீர்களா?" இப்படி ஒரு மரியாதையை நாங்கள் இங்கே இருந்த மருத்துவரிடம்கூடக் கண்டதில்லை. பேராசிரியருக்கு இருமல் நின்றுவிட்டது. குணமாகிவிட்டார் போலிருக்கிறது.

எட்டுப் பேருக்கும் ஐந்து.

ஜூலை 9, மாலை 05:00

ஞானதுரைக்கு வகுப்பில் ஆர்வம் குறைந்துவிட்டது. ஜோக் சொன்னால் எட்டுப் பேரும் சரியாக ஒரே நேரத்தில் சிரிக்கிறார்களாம். "கோழி கத்துன காலத்துல வகுப்பு நல்லாருந்துச்சு சார்" என்று பேராசிரியரிடமே சொன்னான். பேராசிரியர், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார்.

இன்று கல்லூரிச் சுற்றறிக்கை. பெருந்தொற்றுக் கால இணையவழிக் கல்வி குறித்து மாணவர் மனப்பான்மை ஆய்வு. 'நேரடி வகுப்பைவிட இணையவழி வகுப்பு எனக்குத் தன்னம்பிக்கை தருகிறது': முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், எட்டுக்கு எட்டு. 'நோயாளியை நேரில் தொடாமலே என்னால் நோயைக் கண்டறிய முடியும்': முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், எட்டுக்கு எட்டு. 'ஏதேனும் குறை?' எட்டுப் பேரும் இல்லை. மனிதர் எட்டுப் பேரைக் கூட்டிவைத்துத் தேநீர் கொடுத்தால் சர்க்கரை பற்றியாவது ஒருவர் குறை சொல்வார்.

ஆய்வின் முடிவைக் கொண்டு இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்குகிறார்களாம். கப்பல் மறுபடி ஓடினாலும் வலம்புரிக்கு மருத்துவர் வரமாட்டார். எதிர்த்து எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

ஜூலை 14, காலை 10:50

ஞானதுரைக்கு நேற்றிலிருந்து தொப்புளைச் சுற்றி வலி. சாப்பிடவில்லை. வகுப்பில் சொன்னான். எட்டுப் பேரும் முறையாகப் பரிசோதித்தார்கள். ஷஹானா என்ற பெண் முடிவைச் சொன்னாள்: "மலச்சிக்கல். வயிறு மென்மையாக இருக்கிறது. நோயாளி ஒத்துழைக்கிறார்." பேராசிரியர் மிக நன்று என்றார். மருந்து அலமாரி தானாகத் திறந்து பேதி மாத்திரை கொடுத்தது. அந்த அலமாரி வகுப்பின் உத்தரவுக்கு மட்டும்தான் திறக்கும்.

மதிப்பெண்: ஐந்து.

ஜூலை 15, காலை 10:20

வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. வாந்தி. உடம்பு கொதிக்கிறது. வகுப்புப் பதிவு, முதலில் ஷஹானா:

"வணக்கம் ஐயா. உங்கள் வயிற்றைப் பரிசோதிக்க அனுமதி தருவீர்களா?"

"மெதுவா தாயி. இன்னைக்கு மெதுவா... ஆ! எடு! கைய எடு! அக்கா, எடுக்கச் சொல்லு!"

"நன்றி ஐயா. வயிறு மென்மையாக இருக்கிறது. நோயாளி ஒத்துழைக்கிறார்."

"ஏ பிள்ள, கண்ணு தெரியலையா ஒனக்கு? அவன் துடிக்கான்!" இது நான்.

"உங்கள் அக்கறை புரிகிறது அம்மா. கவலை வேண்டாம்."

அடுத்து ஜோயல். அதே இடம், அதே அழுத்தம், அதே வாக்கியம். எட்டுப் பேரும் அதே வாக்கியம். எட்டாவது ஆள் முடிக்கும்போது ஞானதுரை கத்துவதையே விட்டுவிட்டான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தான். திரையில் எட்டு முகமும் சிரித்தபடி இருந்தன.

ஜூலை 15, பகல் 12:05

எனக்கு ஒன்று உறைக்கிறது. 'அவன் துடிக்கான்' என்று நான் கத்திய மறுநொடி 'உங்கள் அக்கறை புரிகிறது' என்று வந்தது. மறுநொடி. என் சத்தம் பூமிக்குப் போகவே ஒரு வினாடிக்கு மேல் வேண்டும். போய், அந்தப் பெண் காதில் விழுந்து, அவள் வாயைத் திறந்து, அது இங்கே வந்து சேர வேண்டும். தாமதமில்லா வகுப்பு என்று அவர்கள் சொன்னபோது நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒளியைவிட வேகமாக எது ஓடும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஜூலை 16, காலை 09:25

வகுப்பு தொடங்கியதும் அலைவாங்கி அறைக்குப் போய், பூமியோடு பேசும் கம்பியைக் கழற்றினேன். இரண்டு முனையும் என் இரண்டு கையில் இருந்தன. திரும்பி வந்தேன்.

எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். "நன்றி ஐயா" என்றார்கள். பேராசிரியர் "மிக நன்று" என்றார்.

பூமி இங்கே இல்லை. இவர்கள் இருந்தார்கள். நான் ஏற்றிய கோப்புக்குள் இருந்தார்கள்.

கம்பியை மாட்டிவிட்டேன். திரையை அணைக்கப் பார்த்தேன். மருந்து அலமாரியும் தொலைகையும் வகுப்போடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அணைத்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரிக்கை வந்தது. அணைக்கவில்லை.

ஜூலை 16, காலை 11:40

ஓரத்தில் எழுதி வைத்த எண்ணைக் கூப்பிட்டேன். பதிவு:

"யாரு?"

"அருமைக்கனி. வலம்புரியில இருந்து பேசுதேன். ஆவுடைச்செல்வி இருக்காளா?"

"எந்த வலம்புரி? ரேஷன் கடையா?"

"நெலா. நெலாவுல இருந்து பேசுதேன்."

"ஏட்டி செல்வி! ஒனக்கு நெலாவுல இருந்து போனு! அன்னைக்கு முட்டை போட்டுச்சே ஒரு பொம்பள, அதா இருக்கும். கழுதைய நல்லாக் கேளு!"

நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. அந்த இடைவெளியில் கோழிச் சத்தம். ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

அவள் சொன்னது: "எல்லாம் ப்ராக்ஸி ஆச்சி. முந்தி கிளாஸ்ல ஒருத்தனுக்கு இன்னொருத்தன் பிரசண்ட் சொல்லுவான்லா? இப்ப அவனவன் முகம், குரல், கை அசைவு எல்லாத்தயும் ஒரு பொம்மையாச் செஞ்சு அது கிளாஸுக்குப் போகுது. மொதல்ல பசங்க களவாச் செஞ்சாங்க. அப்புறம் காலேஜுக்கே தெரிஞ்சு போச்சு. தண்டிக்கல. இது நல்லாருக்கேன்னு எடுத்துக்கிட்டாங்க. பொம்மை லீவு போடாது, கொறை சொல்லாது. நோயாளி மார்க் எப்படிப் போட்டா ஏறும்னு மட்டும் பாத்துப் பாத்துப் படிச்சிக்கிடும். எங்க வீட்டு மிசினுல அது ஓடாது. கடைசி வரைக்கும் நான் மட்டுந்தான் நேரா வந்தேன்."

"பேராசிரியர்?"

"அமலதாஸ் சார் ஜூன் பதினேழுல போயிட்டாங்க ஆச்சி. காய்ச்சல்ல."

நான் போட்ட ஐந்தைப் பார்த்து இவை படித்திருக்கின்றன. மரியாதையாகப் பேசினால் ஐந்து. தெரியாது என்று சொல்லாவிட்டால் ஐந்து. நோயாளிக்கு நோய் இல்லை என்றால் எல்லாரும் மகிழ்கிறார்கள்.

ஜூனில் செல்விக்குக் கை நடுங்கியது, அதற்குப் பூஜ்யம் போட்டேன். யாரும் என்னிடம் மன்னிப்பை எதிர்பார்க்க வேண்டாம். கைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது கல்லூரி.

ஜூலை 16, பகல் 02:30

அவளால் தொலைகைக்குள் வர முடியவில்லை, நீக்கப்பட்டவள். என் கையையே வைக்கச் சொன்னாள்.

"வலது பக்கம், தொப்புளுக்குக் கீழ. மெதுவா உள்ள அமுக்குங்க ஆச்சி. இப்ப சட்டுனு எடுங்க."

எடுத்தபோது ஞானதுரை அலறினான். அமுக்கியதைவிட எடுத்தபோதுதான் அதிகம் அலறினான்.

"குடல்வால் ஆச்சி. அப்பெண்டிக்ஸ். அறுத்து எடுக்கணும்."

"நீ சொல்லு, நான் அறுக்கேன்."

"எனக்குத் தெரியாது ஆச்சி. படத்துலதான் பாத்திருக்கேன். நான் தொட்ட ஒரே வயிறு தாத்தா வயிறுதான், அதுவும் ரப்பர் கையால. தெரியும்னு பொய் சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றேன். ஞானதுரை கட்டிலிலிருந்தே கத்தினான்: "தாயி, பெல்ட்டுக்கு மேலயா கீழயா? இப்பவாச்சும் சரியாச் சொல்லு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மருத்துவர்களைத் தேடி அவள் ஊர் ஊராகக் கூப்பிட்டாள். எல்லாரும் காய்ச்சல் வார்டில். ஒரு அறுவை மருத்துவர் மட்டும் கிடைத்திருக்கிறார். "ஆன்டிபயாட்டிக் போட்டு உடனே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி அடிவானத்தில் நீலமாகத் தெரிகிறது. ஜன்னல் வழியே ஞானதுரைக்குக் காட்டினேன்.

ஜூலை 17, காலை 09:40

வகுப்பிடம் குடல்வால் என்று சொல்லிப் பார்த்தேன். தொலைகைக்கு அறுக்கத் தெரியும். பேராசிரியர் ஒப்புதல் வேண்டும். "எட்டு மாணவர்களும் மலச்சிக்கல் என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்கள் அம்மா. மாற்றுக் கருத்து ஏதும் பதிவாகவில்லை." மாற்றுக் கருத்து சொல்லக்கூடிய ஒருத்தியை நான் வெளியே அனுப்பியிருந்தேன்.

குழாய்ச் சாவியால் மருந்து அலமாரியை உடைத்தேன். ஆன்டிபயாட்டிக் ஊசி இருந்தது. பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தேன். எவ்வளவு, எந்த நரம்பு என்று அவள் சொன்னாள். இரண்டு முறை தவறிக் குத்தினேன். மூன்றாவது முறை ஏறியது.

கல்லூரி முதல்வருக்கு அவசரச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி."

உடனே.

முதல்வர் அலுவலகமும் இந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. ஜூன் 20க்குப் பிறகு நான் கல்லூரிக்கு எழுதிய எதுவும் நிலவை விட்டுப் போகவில்லை.

ஜூலை 18, மாலை 06:00

காய்ச்சல் குறையவில்லை. செல்வி கல்லூரி வாசலுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தாளாம். பூட்டியிருக்கிறது. காவலாளி, "வகுப்பெல்லாம் நல்லா நடக்கும்மா, போர்டுல பச்சை லைட்டு எரியுதே" என்றாராம். கூடப் படித்த சேக்காளிகளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஜோயலின் பதிலை எனக்குப் போட்டுக் காட்டினாள்: "நெலாவா? நாங்க இன்னும் அந்த போஸ்டிங்ல இருக்கோமா செல்வி? அது போன மாசமே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். என் அட்டெண்டன்ஸ் நூறு காட்டுதே."

ஜூலை 19, காலை 08:10

வலி நின்றுவிட்டது! விடிந்ததும் ஞானதுரை எழுந்து உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். செல்வியைக் கூப்பிடச் சொல்லி அவனே பேசினான்.

"தாயி, ஒன் ஊசி வேலை செஞ்சிட்டு. வலி சட்டுனு பூராப் போயிட்டு. நான் கப்பல் ஏறி வந்து ஒங்க வீட்டுக் கோழியத் திங்காம விடமாட்டேன்."

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்று. பூமி வரை போய்வர இவ்வளவு ஆகாது.

"செல்வி?" என்றேன்.

"தாத்தாவப் படுக்கச் சொல்லுங்க ஆச்சி. நீங்க மட்டும் கேளுங்க. வலி சட்டுனு நின்னா... அது நல்லதில்ல ஆச்சி. உள்ள ஒடஞ்சிருக்கும்."

அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்ட கஞ்சியை வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 20

நேரம் எழுதவில்லை.

வயிறு பலகை போல இறுகிவிட்டது. கடைசியில் என்னை யாரென்று தெரியவில்லை. அம்மா என்று கூப்பிட்டான். நான் அம்மா இல்லை என்று திருத்தவில்லை. போய்விட்டான். என் தம்பி ஞானதுரை.

தூக்கி வைக்க வேறு இடமில்லை. அந்தக் கட்டிலிலேயே கிடக்கிறான்.

ஜூலை 21, காலை 09:00

திரை தானாகத் தெளிந்தது. எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. நடந்தது பதிவாக வேண்டும். பதிவு:

"வணக்கம் ஐயா. உங்கள் வயிற்றைப் பரிசோதிக்க அனுமதி தருவீர்களா?"

"நன்றி ஐயா."

"வயிறு மென்மையாக இருக்கிறது. நோயாளி அமைதியாக இருக்கிறார். நேற்றைவிட முன்னேற்றம் தெரிகிறது. நோயாளி ஒத்துழைக்கிறார்."

"மிக நன்று. அடுத்தவர்."

எட்டு முறை. பிறகு திரையில் எனக்கான கட்டம் வந்தது. இன்றைய வகுப்புக்கு உங்கள் மதிப்பெண், ஐந்துக்கு.

கட்டம் இன்னும் திறந்தே இருக்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் அதிலிருந்து எதையாவது படித்துக்கொள்ளும். எதையும் போடமாட்டேன்.

ஜூலை 23, பகல் 01:00

செல்வி வீட்டைக் கூப்பிட்டேன். அவள் அம்மாதான் எடுத்தாள்.

"அவ போயிட்டாம்மா, பெரியாஸ்பத்திரிக்கு. காய்ச்சல் வார்டுல கூடமாட ஆளு வேணுங்காங்கன்னு போயிட்டா. செத்துக்கித்துப் போவட்டி, போவாதன்னு கையப் புடிச்சேன். 'ஒரு மனுசரத் தொட்டுப் பாக்காம நான் டாக்டராக மாட்டேம்மா'ன்னு உருவிட்டுப் போயிட்டா. எல்லாம் ஒன்னாலதான். ஒனக்கு என்ன, நீ மேல இருக்க."

நான் மறுக்கவில்லை. "ஊசி சரியாத்தான் போட்டா ஒம்மக. அதச் சொல்லு அவட்ட" என்றேன்.

ஜூலை 24, காலை 07:30. இதைக் கண்டெடுப்பவருக்கு

இந்தப் பதிவைக் கல்லூரிக்கு அனுப்புவதில் பயனில்லை. அச்சடித்து வாயில் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன். காற்றுச் சுத்திகரிப்பு இன்னும் ஓடுகிறது. நானும் ஓடுகிறேன். நீங்கள் வரும்போது நான் இல்லாவிட்டால், கீழே உள்ளவை செய்யப்பட வேண்டும். கெஞ்சிக் கேட்கவில்லை.

கப்பல் ஓட்டுபவர்: நிலையக் கணினியை அழிக்கக் கூடாது. வகுப்பு தினமும் ஒன்பதுக்கு நடக்கிறது, வெறும் கட்டிலில். அது நடப்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

அரசு: அந்த மனப்பான்மை ஆய்வைக் கிழித்துப் போட வேண்டும். பதில் சொன்ன எட்டில் ஒன்றுக்கும் வயிறு கிடையாது. பிள்ளைகளை உட்காரவைத்து மறுபடி கேளுங்கள். கோழி கத்தினாலும் கேளுங்கள். தெரியாது என்று சொல்கிறவளின் பதிலை முதலில் எழுதுங்கள்.

கல்லூரி முதல்வர், உண்மையிலேயே அப்படி ஒருவர் இருந்தால்: இந்தக் கட்டிலில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். எட்டுப் பேரும் முடிக்கும்வரை எழக்கூடாது.

ஆவுடைச்செல்வி: எதுவும் செய்ய வேண்டாம். உயிரோடு இரு.

கீர்த்திவாசன், ஷஹானா, ஜோயல், ப்ரியம்வதா, தருண்குமரன், நிவேதா, ஹரிணி, முகுந்த்: நீங்கள் எட்டுப் பேரும் இங்கே வர வேண்டும். பொம்மை அல்ல, நீங்கள். நேற்று ஞானதுரையை வண்டியில் ஏற்றி, வெயில் ஒருநாளும் விழாத பள்ளத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன். நாங்கள் பனிக்கட்டி வெட்டிய அதே இடம். அங்கே எதுவும் அழுகாது. நீங்கள் கிழவர்களாகி வந்தாலும் அவன் இப்படியே இருப்பான்.

உள்ளே கொண்டுவந்து கட்டிலில் போடுங்கள். குளிர் விடும்வரை காத்திருங்கள். கையுறையைக் கழற்றுங்கள். அவனிடம் அனுமதி கேட்க வேண்டாம், நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவராக வந்து வெறுங்கையால் தொட வேண்டும். அதுவரை யாரும் அவனைப் புதைக்கக் கூடாது.

வலது பக்கம். தொப்புளுக்குக் கீழே. அங்கே அமுக்குங்கள்.